ஐந்து பேர், ஒரு நீளக்கை ஸ்டேப்ளர்: வாசகர் கேள்வி–பதில்

ஓவியம், சிற்பம் பற்றித் தமிழில் புது மாதிரியாக எழுத நினைப்பவர்கள் யாருக்கும் காத்திருக்காமல் தாங்களே சேர்ந்து அச்சிட்டுக்கொள்ளலாம் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறோம், ஒருத்தி தமிழ் எம்.ஏ., ஒருவர் டிடிபி சென்டரில் வேலை பார்க்கிறார். படங்களையும் சிற்பங்களையும் பார்த்து எழுதுகிறோம். அது விமர்சனமும் இல்லை, கவிதையும் இல்லை. இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினோம், 'இதை எந்தப் பகுதியில் போடுவது' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயர், லோகோ, முதல் இதழ், அப்புறம் ஊர் ஊராகக் கூட்டம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். சரியா? (கும்பகோணம்)

பதில்: நீங்களே போடுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வரிசையை மட்டும் மாற்றச் சொல்வேன். பெயர் வைப்பதில் ஆறு மாதம் போய், அந்தப் பேச்சிலேயே மனம் கசந்து பிரிந்த ஒரு குழுவில் நானும் இருந்திருக்கிறேன். பெயர் கடைசியில் வரட்டும். முதலில் ஐந்து பேரும் சேர்ந்து பார்க்கப் பழகுங்கள்.

தாராசுரம் சோழர் கோயில் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாலு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஒரே ஒரு சிற்பத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள், போன் பையிலேயே இருக்கட்டும். அழகு, அற்புதம், உயிரோட்டம், நேர்த்தி என்ற நாலு வார்த்தைகளையும் எழுதுவதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலும் போன பிறகுதான் கல்லின் நிறம் தெரியும், மழைத்தண்ணீர் வழிந்த கறுப்புத் தடம் தெரியும், கை எட்டுகிற உயரம் வரை வழவழப்பாகவும் அதற்கு மேலே சொரசொரப்பாகவும் இருப்பது தெரியும். எழுதியதை அங்கேயே, அந்தச் சிற்பத்துக்கு எதிரிலேயே சத்தமாக வாசியுங்கள். கேட்பவர்களின் கண் கல்லின் மேல் இருப்பதால் பார்க்காமல் எழுதிய வரி உடனே மாட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து எழுத்தைத் திருத்த இதைவிட நல்ல இடம் கிடையாது.

அங்கே ரிஷபகுஞ்சரம் இருக்கிறதே, யானைக்கும் காளைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. சோழச் சிற்பியின் கற்பனையை மெச்சி ஒரு கட்டுரை எழுதலாம், அது ஒரு வகை, அதுவும் நமக்கு வேண்டும். ஆனால் நீங்கள் தேடுகிற எழுத்து வேறு என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்து நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் என்ன? இடப்பக்கத்தோடு சேர்த்துப் படித்தால் அந்த வாக்கியத்துக்கு ஒரு பொருள், வலப்பக்கத்தோடு படித்தால் வேறு பொருள். சிற்பத்தை வர்ணிப்பதற்குப் பதிலாகச் சிற்பி கல்லில் செய்ததைத் தாளில் செய்து பார்க்கிறீர்கள். முதல் பத்துத் தடவை வராது. பதினொன்றாவது தடவை வரும்போது அந்தப் பக்கம் எந்தப் பகுதியிலும் அடங்காது, அதற்கென்று ஓர் இடத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் தயங்காதீர்கள். தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல், எழுத்துகளைப் படமாகவும் விளையாட்டாகவும் அடுக்குகிற சித்திரகவிக்கு இலக்கணம் சொல்கிறது. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். எண்கள் படிப்படியாக ஏறி இறங்குகிற திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கை உங்கள் குடந்தைப் பெருமாள் மேல் பாடியதுதான், அதைத் தேர் வடிவில் கட்டம் போட்டு எழுதுகிற வழக்கமும் உண்டு. எழுத்தைப் படமாக அடுக்கிப் பார்த்த பழக்கம் நம் ஊரில் பல நூறு வருடங்களாக இருக்கிறது. நவீன ஓவியம் பற்றித் தமிழில் எழுதிய தேனுகாவும் உங்கள் ஊர்க்காரர்தான். அவரையும் வெங்கட் சாமிநாதன், இந்திரன், சி. மோகன் ஆகியோர் ஓவியம் பற்றி எழுதியவற்றையும் தேடிப் படியுங்கள். நீங்கள் தொடங்குவதற்கு முன்பே இங்கே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

'எந்தப் பகுதியில் போடுவது' என்ற கேள்வியும் புதிதில்லை. வசனத்தில் எழுதினால் அது எப்படிக் கவிதையாகும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான், 1959இல், சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 119 இதழ்கள் வந்தன. 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற புதுக்கவிதைத் தொகுப்பையும் தானே வெளியிட்டார். புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவர் சுமந்த மூட்டையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கும்.

முதல் வெளியீடு ஒரே ஒரு தாளாக இருக்கட்டும். ஏ3 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம் வரும். நடுவில் இருக்கிற இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு வெட்டு, பிறகு மடித்துச் சேர்த்தால் எட்டுப் பக்கச் சிறு புத்தகம். ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் போட்டால் போதும், ஸ்டேப்ளர்கூட வேண்டாம். மேல் வரிசைக் கட்டங்கள் தலைகீழாக வர வேண்டும் என்பதை டிடிபி நண்பர் பார்த்துக்கொள்வார். ஒரு மாதத்துக்குள் இதை முடித்து 50 பேர் கையில் கொடுத்துவிடுங்கள். சின்னதாக ஒன்றை முழுசாக முடித்த குழுவுக்கு அடுத்தது வரும், பெரிதாக ஒன்றைப் பேசிக்கொண்டே இருக்கிற குழுவுக்கு வருவதில்லை. நான் பார்த்தவரை இது மாறியதே இல்லை.

கேள்வி: சோதனை முயற்சி என்ற பெயரில் புரியாமல் எழுதுவதற்கு இன்னொரு பத்திரிகை தேவையா? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லவும். (கோயம்புத்தூர்)

பதில்: கோபமில்லை, நியாயமான கேள்வி. புரியாததை எல்லாம் ஆழம் என்று நினைத்துக்கொண்டு நானும் சில வருடம் எழுதியிருக்கிறேன், அவற்றை இன்று யாரிடமும் காட்ட மாட்டேன். ஆனால் வடிவத்துக்கு உள்ளே ஒரு காரணம் இருந்தால் அது வாசகரை விரட்டாது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்று ஒரு புத்தகம் செய்தார், ரேக்கிங் லீவ்ஸ் வெளியிட்டது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. போரில் இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தளவரைபடத்தைத் தங்கள் நினைவிலிருந்து கையால் வரைந்தார்கள். அதே வீட்டை ஒரு கட்டடக் கலைஞர் அளவுக்கோடுகளாக வரைந்தது, அந்த வீட்டைப் பற்றி அவர்கள் சொன்னது, ஓவியர் வரைந்த படம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. புத்தகமே ஓர் அலுவலகக் கோப்பு மாதிரி இருக்கும். அதை ஏன் கட்டுரையாக எழுதவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் பறிபோன வீட்டைப் பதிவேட்டின் வடிவத்திலேயே திரும்பப் பதிவது என்பதுதான் அதன் விஷயமே.

அதனால் கூட்டத்தில் ஒருவர் வித்தியாசமான வடிவத்தில் ஒன்றைக் கொண்டுவந்தால், 'இதைச் சாதாரண உரைநடையில் எழுதியிருந்தால் எது போய்விடும்?' என்று கேளுங்கள். எதுவும் போகாது என்றால் உரைநடையிலேயே எழுதட்டும்.

கேள்வி: 64 பக்கம், மல்டிகலர், 500 பிரதி போட நினைக்கிறோம். செலவை எப்படிக் குறைப்பது? ஊரில் கடைக்காரர்கள் விளம்பரம் தருகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா? (மதுரை)

பதில்: 500 என்ற எண் எங்கிருந்து வந்தது? வாங்கப்போகிறவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள் தம்பி. 70 பெயர் வந்தால் 100 பிரதி போடுங்கள். நாங்கள் அப்படி எழுதிப் பார்க்காமல் 500 போட்டோம். மூன்று வீடு மாறியும் அந்தக் கட்டுகள் என் கட்டிலுக்கு அடியில் கூடவே வந்தன, கடைசிக் கட்டைப் பிரித்தபோது ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது.

ஆஃப்செட்டில் பிளேட் செலவு எத்தனை பிரதி போட்டாலும் ஒன்றுதான், அதனால் எண்ணிக்கை கூடினால்தான் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு குறையும். 300க்குக் கீழே என்றால் பெரும்பாலும் டிஜிட்டல்தான் கட்டுபடியாகும். இரண்டு மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள், தாள், அளவு, பைண்டிங் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாயால் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மனதில் வைத்துக்கொண்டு விலை சொல்வார்கள். சென்டர் பின் அடிப்பதானால் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 64 பக்கத்துக்கு மேல் போனால் உள்தாள்கள் வெளியே துருத்தும், அப்போது முதுகில் பசை போட்டு ஒட்டுகிற பர்ஃபெக்ட் பைண்டிங் அல்லது நூல் தையல்.

எல்லாப் பக்கமும் கலர் எதற்கு? படங்களை எல்லாம் ஒரே பாரத்தில், அதாவது ஒன்றாக அச்சாகிற ஒரு பக்கத் தொகுதியில் சேர்த்து, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அடித்துவிட்டு மீதியை மேப்லித்தோ என்ற சாதாரணத் தாளில் ஒரே நிறத்தில் அடிக்கலாம். இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது, படத்தை மட்டும் தனியாகச் சின்னதாக அச்சிட்டு ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டுவது. 100 பிரதிக்கு ஐந்து பேர் உட்கார்ந்தால் ஒரு மத்தியான வேலை. உங்களில் லினோகட் (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்செடுப்பது) தெரிந்தவர் இருந்தால் அதையே நேராக அச்செடுத்து உள்ளே வையுங்கள். பரோடாவில் குலாம் முகம்மது ஷேக்கும் பூபேன் கக்கரும் 1969 முதல் 1973 வரை நடத்திய 'விருஷ்சிக்' சின்னப் பத்திரிகைதான், ஓவியர்களே ஆசிரியர்கள். ஓவியர்களின் படங்களும் கவிதை மொழிபெயர்ப்பும் கலை அமைப்புகளோடு போட்ட சண்டையும் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

அட்டைக்கும் இதே யோசனைதான். புவனோஸ் ஐரஸில் 2003இல் தொடங்கிய எலோய்சா கார்த்தொனேரா என்ற கூட்டு, தெருவில் அட்டைப்பெட்டி பொறுக்குபவர்களிடமிருந்து சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து அட்டையை வாங்கி, வெட்டி, ஒவ்வொன்றையும் கையால் வண்ணம் தீட்டி, உள்ளே ஜெராக்ஸ் தாளை வைத்துப் புத்தகம் போட்டது. அர்ஜென்டினாவின் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த நேரம் அது. இன்று அதே முறையைப் பல நாடுகளில் செய்கிறார்கள்.

ஒரு தொழில்நுட்ப விஷயம், இதில் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் யூனிகோட் தமிழைப் போடும்போது வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்புக்கு மாற்றிவைக்காவிட்டால் 'கொ', 'கெ' எல்லாம் கொம்பு தனியாக எழுத்து தனியாகச் சிதறும். பணம் கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஸ்க்ரைபஸ் என்ற மென்பொருள் இலவசம், புதிய பதிப்பில் தமிழ் சரியாகவே வருகிறது. எழுத்துருவுக்கும் நோட்டோ, முக்தா மலர், காட்டமரான் என்று உரிமக் கவலை இல்லாதவை இருக்கின்றன. மெய்ப்பை (பிழை பார்க்கிற புரூஃபை) தாளில் எடுத்துத்தான் பாருங்கள், திரையில் கண் ஏமாறும்.

விளம்பரம் வேண்டாம் என்பது என் கருத்து. கடைக்காரர் மேல் எந்தக் குறையும் இல்லை, ஆனால் அடுத்த இதழ் அவரைக் கேட்டுத்தான் வரும் என்ற நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கியது ஓவியம் விற்ற காசில் இல்லை. மெழுகு பூசிச் சாயமேற்றுகிற பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று அந்த வருமானத்தில் நின்றார்கள், மீதி நேரத்தில் யாருக்கும் பயப்படாமல் வரைந்தார்கள். நீங்களும் அட்டை, நோட்டு, காலண்டர் என்று எதையாவது செய்து விற்கலாம். அதோடு மூன்று இதழுக்கு முன்பணச் சந்தா வாங்குங்கள். மூன்றுக்கு மட்டும், ஆயுள் சந்தா வேண்டவே வேண்டாம், அது நிறைவேற்ற முடியாத வாக்கு.

கேள்வி: பதிவு செய்யாமல் பத்திரிகை நடத்தினால் பிரச்சினை வருமா? 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டால் போதுமா? ஐஎஸ்பிஎன் வாங்க எவ்வளவு? (திருநெல்வேலி)

பதில்: 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற வரி நம் சிற்றிதழ்களின் நெற்றியில் எழுதியது மாதிரி இருந்தது, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 1867ஆம் வருடத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் வந்து, 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் வருகிற, பொதுச் செய்தியோ அதன் மேல் கருத்தோ கொண்ட வெளியீடு பருவ இதழ், அதற்குப் பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். புத்தகம் அதில் வராது. உங்களுடையது எப்போது தயாராகிறதோ அப்போது வருகிற தொகுப்பு என்றால் ஒவ்வொன்றையும் தனித் தலைப்புள்ள புத்தகமாகப் போடுவதே எளிது. மாதம் தவறாமல் கொண்டுவருவோம், நாட்டு நடப்பையும் எழுதுவோம் என்றால் பதிவு செய்துவிடுங்கள்.

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்தான் ஐஎஸ்பிஎன், அதற்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை தருகிறது, எழுதியவரே வெளியிடுகிறார் என்றாலும் விண்ணப்பிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. இதைப் பாரமாக நினைக்காமல் செய்யுங்கள், உங்கள் வீட்டில் பிரதி இல்லாமல் போனாலும் அங்கே இருக்கும்.

தபாலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவுப் புத்தகத் தபாலை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் எல்லாரும் திகைத்துப்போனோம். 2025 மே முதல் புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் என்ற தபால் சேவை வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும், விளம்பரம் உள்ளதையும் பருவ இதழையும் எடுக்க மாட்டார்கள். வணிகத்துக்கான புத்தகத்துக்கும் இது கிடையாது, அதனால் உங்கள் புத்தகம் அதில் போகுமா என்று முதலில் ஒரு பிரதியைத் தபால் நிலையத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். எடையைப் பொறுத்தவரை கவலை இல்லை. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) ஏ4 தாள் ஒன்று நாலரை கிராமுக்குள்தான். ஏ5 அளவில் 64 பக்கத்துக்கு 16 தாள், அட்டையோடு சேர்த்தாலும் 90 கிராமைத் தாண்டாது.

கேள்வி: எங்கள் கூட்டில் ஆறு பேர். எல்லாரும் சமம் என்றுதான் ஆரம்பித்தோம். இப்போது ஒருவர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார், வேலையும் அவர்தான் செய்கிறார், இரண்டையும் சொல்லிக் காட்டுகிறார். உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (சென்னை)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த ஒருவராக நான் இருந்திருக்கிறேன், அந்த ஐந்து பேரில் ஒருவராகவும் இருந்திருக்கிறேன், இரண்டும் வலிக்கும். எங்கள் குழு நாலாவது இதழோடு நின்றது. காரணம் கணக்கு. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, தொகையும் பெரிதில்லை, ஆனால் யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு பேரோடு பத்து வருடம் பேச்சு இல்லாமல் போனது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள், டீச்செலவு முதற்கொண்டு, யார் கேட்டாலும் பார்க்கிற இடத்தில் அந்த நோட்டு இருக்கட்டும்.

'எல்லாரும் சமம்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை நடக்காது, ஒவ்வோர் இதழுக்கும் யார் பொறுப்பு என்று பெயர் வேண்டும். நியூயார்க்கில் 1977 முதல் 1993 வரை 'ஹெரெசீஸ்' என்ற பெண்ணியக் கலை இதழ் வந்தது. அதில் மூலக் குழு ஒன்று இருக்கும், ஆனால் ஒவ்வோர் இதழையும் அந்த இதழுக்கென்றே கூடிய தனி ஆசிரியர் குழு செய்யும். ஒருவரே நிரந்தர ஆசிரியராக உட்காரவில்லை, இதழுக்கு இதழ் முகமும் மாறியது. உங்கள் ஆறு பேரில் இதழுக்கு இரண்டு பேர் ஆசிரியர்கள், அந்த இதழில் அவர்கள் எழுதுவதில்லை என்று வைத்துப் பாருங்கள். எழுதாத இதழில் மற்றவர் எழுத்தைத் திருத்துகிற பொறுமை தானாக வரும்.

இதற்கு நேர் எதிரான வழியும் நடந்திருக்கிறது. பம்பாயில் 1976இல் அருண் கொலட்கர், அடில் ஜுஸ்ஸாவாலா, கீவ் படேல், அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா ஆகிய கவிஞர்கள் கிளியரிங் ஹவுஸ் என்ற கூட்டுப் பதிப்பகத்தை நடத்தினார்கள். நாலு பேருடைய புத்தகமும் அதில் வந்தது. கொலட்கர் விளம்பரத் துறையில் வடிவமைப்பு செய்தவர், அந்தக் கைப்பழக்கம் எல்லாருடைய புத்தகத்துக்கும் பயன்பட்டது. அவருடைய 'ஜெஜூரி' வெளிவந்தது அங்கேதான், அடுத்த வருடம் காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றது. ஆளுக்கு ஒரு புத்தகம், வேலை மட்டும் பொது. ஒன்றாக உட்கார்ந்து எழுதப் பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துவரும்.

எது ஆனாலும் சிலதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெயர்கள் அகர வரிசையில் வரும். எழுதியவர் ஒப்புக்கொள்ளாத திருத்தம் அச்சுக்குப் போகாது, ஆனால் இன்னும் இரண்டு பேர் படித்துத் திருத்தாத எழுத்தும் போகாது. விலகுகிறவர் தன் எழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், இதழின் பெயரை எடுத்துக்கொண்டு போக முடியாது. நண்பர்களுக்குள் எழுத்தில் எதற்கு என்று தோன்றும். நண்பர்கள் என்பதால்தான் சொல்கிறேன். அந்த ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள். ஸ்டேப்ளர் அடிப்பது, முகவரி எழுதுவது, தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பது, இதில் இரண்டு வேலையை அவர் கையிலிருந்து நீங்களே வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தால் அவர் குரல் மாறுவதைக் கேட்பீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் குழு டீக்கடையில் இரவு ஒன்பது மணிக்குக் கூடுகிறது. நான் போக முடியாது. முடிவெல்லாம் அங்கேதான் எடுக்கிறார்கள். (திருச்சி)

பதில்: அந்தக் குழுவின் மற்றவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன். தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றில் பெண்களின் பெயர் குறைவாக இருப்பதற்கு இந்த ஒன்பது மணியும் ஒரு காரணம். பகலில், நூலகத்திலோ யாராவது வீட்டு முற்றத்திலோ கூடுங்கள். டீக்கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், முடிவு மட்டும் அங்கே எடுக்கக்கூடாது. அவர்கள் மாற மறுத்தால், தோழி, நீங்கள் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகத் தொடங்குங்கள். மூன்று பேர் போதும்.

கேள்வி: ஓவியங்களின் போட்டோவை இணையத்திலிருந்து எடுத்துப் போடலாமா? ஓவியத்தை விலைக்கு வாங்கியவர் அனுமதி கொடுத்தால் போதாதா? (சேலம்)

பதில்: போதாது. ஓவியம் அவருடையது, பதிப்புரிமை பெரும்பாலும் ஓவியருடையது. இந்தியாவில் அது ஓவியர் வாழ்ந்த காலமும் அதற்குப்பின் 60 வருடமும். ரவிவர்மா 1906இல் இறந்தார், அவருடைய ஓவியங்களுக்குத் தடையில்லை. பணிக்கர் இறந்தது 1977இல், 2037 முடிகிற வரை கேட்டுத்தான் போட வேண்டும். விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது, இருந்தாலும் உயிரோடு இருக்கிற ஓவியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், கூடவே நல்ல போட்டோவும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் படமே இல்லாமல் எழுதிப் பாருங்கள், அந்தக் காலியிடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு அதற்குள் எழுத்தை வையுங்கள்.

கேள்வி: அச்சடித்தது எப்படி விற்கும்? கடைகளில் சிற்றிதழை வாங்கி மூலையில் வைத்துவிடுகிறார்கள். (யாழ்ப்பாணம்)

பதில்: உங்களுக்கு நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது, டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து விற்ற தெருக்கள் உங்கள் ஊரில்தான் இருக்கின்றன. 1966இல் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் அதை நடத்தினார், இடையில் யுத்தம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டும். ஆள் ஆளாகக் கையில் கொடுப்பதைத் தாண்டி எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்காட்சித் திறப்புவிழா, நாடகம், புத்தக வெளியீடு என்று நூறு பேர் கூடுகிற இடத்துக்கு இருபது பிரதியோடு போங்கள். உள்ளே ஒரு பக்கத்தை அங்கேயே வாசித்துக் காட்டுங்கள், வாங்காதவர்களும் கேட்டுவிட்டுப் போவார்கள். விற்று முடிந்ததும் 'நூலகம்' என்ற பெயருள்ள இணைய எண்ணிம நூலகத்துக்குப் பிரதியைக் கொடுத்துவிடுங்கள், 2005 முதல் ஈழத்து வெளியீடுகளைச் சேர்த்துவைக்கிறார்கள், கனடாவில் இருக்கிற பிள்ளையும் படிக்கும்.

கும்பகோணம் வாசகி கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: எத்தனை இதழ் வரை நடத்த வேண்டும் என்று.

மூன்று என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாவது முடிந்ததும் ஐந்து பேரும் அதே தாராசுரத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து கணக்கையும் எழுத்தையும் பார்த்துவிட்டு நாலாவதைப் பற்றிப் பேசலாம். முதல் தாள் மடித்ததும் ஒன்றைச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்புங்கள், பழைய சிற்றிதழ்கள் பலவற்றை அங்கேதான் நான் படித்தேன். இன்னொன்றை இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு அனுப்புங்கள், சந்தாப் பணமும் தபால் செலவும் அதே வாரம் வந்து சேரும்.